மரத்தில் மோதுவது மட்டுமா ஆபத்து? குல்மார்க் பனிக்காட்டில் சறுக்கப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காஷ்மீர் டூர் என்றாலே குல்மார்க் லிஸ்ட்டில் வந்துவிடும். சென்னையில் விமானம் ஏறி ஸ்ரீநகரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 50 கி.மீ. காரில் போனால் பனி மூடிய அந்த ஊர். காஞ்சிபுரம் பக்கமிருந்து பேக்கேஜ் டூரில் போகிறவர்களில் பலர் ஒரு மணி நேரம் ஸ்கீ கட்டையைக் காலில் மாட்டி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஆனால் முறையாகப் பயிற்சி எடுத்து, ஓரளவு சறுக்கப் பழகியவர்களின் கண் அடுத்ததாகப் போவது, சரிவை ஒட்டி நிற்கும் மரக்காட்டின் மேல்தான். யாரும் தடம் பதிக்காத மெத்தென்ற பனி, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் த்ரில்... வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்தக் காட்டில் உயிருக்கு ஆபத்து இரண்டு விதமாக வரும். ஒன்று, மரத்தில் மோதுவது. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, மரத்தடியில் பனிக்குள் தலைகீழாகப் புதைந்து மூச்சு முட்டுவது. இது பலருக்குத் தெரியாது. இரண்டாவது ஆபத்து சத்தமே இல்லாமல் நடக்கும். பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே பிழைக்க வாய்ப்பு அதிகம்.

குல்மார்க்கில் காடு எங்கே இருக்கு?

ஜம்மு காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். ஆங்கிலேயர் காலத்திலேயே, 1927-ல் இங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது.

இங்குள்ள கொண்டோலா ரோப் கார் இரண்டு கட்டங்களாக மேலே போகிறது. முதல் கட்டம் குல்மார்க்கில் இருந்து கொங்டோரி வரை. இரண்டாவது கட்டம் அங்கிருந்து அஃபர்வட் மலையின் மேல் பகுதி வரை, அதாவது சுமார் 3,900 மீட்டர் உயரத்துக்கு. அஃபர்வட்டின் மேல் பகுதி மரமே இல்லாத திறந்த சரிவு. கீழே இறங்க இறங்க ஃபிர், பைன் மரங்கள் அடர்ந்த காடு தொடங்கும். குல்மார்க்குக்கும் கீழே பாபா ரெஷி தர்கா, டங்மார்க் பக்கம் இறங்கும் காட்டு வழிகளிலும் பனி நன்றாக விழுந்த நாட்களில் சறுக்குகிறார்கள்.

இந்தக் காட்டு வழிகள் பெரும்பாலும் இயந்திரம் வைத்துச் சமன் செய்த பாதைகள் அல்ல. வழிகாட்டிப் பலகையோ வலையோ ரோந்துக் குழுவோ எல்லா இடத்திலும் இருக்காது.

முதல் ஆபத்து: மரம் நகராது, நாமதான் நகர்றோம்

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய் மரத்தில் மோதினால் என்ன ஆகும்? சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழும்போது உண்டாகும் அடிக்கு அது சமம். சறுக்கும் பாதையில் 40 கி.மீ. என்பது பெரிய வேகமே இல்லை.

1997 டிசம்பர் 31-ம் தேதி, அமெரிக்காவின் ஆஸ்பென் பனிச்சறுக்கு மையத்தில் ராபர்ட் கென்னடியின் மகன் மைக்கேல் கென்னடி மரத்தில் மோதி இறந்தார். சில நாட்களிலேயே, 1998 ஜனவரி 5-ம் தேதி, பாடகரும் அமெரிக்க எம்.பி.யுமான சோனி போனோ ஹெவன்லி மையத்தில் மரத்தில் மோதி உயிரிழந்தார். இருவருக்கும் பனிச்சறுக்கு புதிதல்ல.

ஹெல்மெட் போட்டால் போதுமா? கட்டாயம் போட வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. கார் பந்தய சாம்பியன் மைக்கேல் ஷூமேக்கர் 2013 டிசம்பர் 29-ம் தேதி பிரான்ஸின் மெரிபெல்லில், இரண்டு சறுக்குப் பாதைகளுக்கு நடுவே இருந்த பகுதியில் விழுந்து பாறையில் தலை மோதியபோது ஹெல்மெட் அணிந்திருந்தார். அப்படியும் தலையில் படுகாயம் ஏற்பட்டது. சாதாரண விழுதலில் ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும். வேகமாக மரத்தில் மோதினால் அதற்கும் எல்லை உண்டு.

அப்படியானால் என்ன செய்யணும்?

வேகத்தைக் குறைக்கணும். எந்த நொடியிலும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் முழுசா நிற்க முடிகிற வேகம்தான் காட்டுக்குள் சரியான வேகம்.

மரத்தைப் பார்க்கக் கூடாது, இடைவெளியைப் பார்க்கணும். கண் எங்கே போகிறதோ உடம்பும் அங்கே போகும். பைக் ஓட்டும்போது பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் சக்கரம் நேராக அதற்குள்தானே இறங்குகிறது? அதே கதைதான் இங்கேயும். அடுத்த மரத்தை இல்லை, அடுத்த இரண்டு மூன்று இடைவெளிகளைத் தேடிக்கொண்டே போக வேண்டும்.

கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்தால், யோசிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து விழுந்துவிடுவது நல்லது. பனியில் விழுந்தால் உடை நனையும். மரத்தில் மோதினால் எலும்பு உடையும்.

இரண்டாவது ஆபத்து: மரக்குழி என்றால் என்ன?

ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களின் கிளைகள் கீழே தாழ்ந்து, குடை விரித்த மாதிரி இருக்கும். பனி பொழியும்போது அந்தக் குடை பனியைத் தாங்கிக்கொள்ளும். சுற்றிலும் பனி ஆளுயரத்துக்கு ஏறினாலும், தண்டை ஒட்டிய இடத்தில் மட்டும் பனி குறைவாக, இறுகாமல் பொலபொலவென இருக்கும். இப்படி மரத்தைச் சுற்றி உருவாகும் மறைவான பள்ளம்தான் ‘ட்ரீ வெல்’ எனப்படும் மரக்குழி.

மேலிருந்து பார்த்தால் குழி இருப்பதே தெரியாது. கிளைகளும் புதுப்பனியும் அதை மூடியிருக்கும். மரத்தை உரசிக்கொண்டு போகிறவர் தடுமாறினால், பெரும்பாலும் தலை முதலில் உள்ளே போவார். கால் மேலே, ஸ்கீ கட்டைகள் கிளையில் மாட்டிக்கொள்ளும். அசைய அசைய மேலே இருக்கும் பனி உதிர்ந்து முகத்தைச் சுற்றி நிரம்பும். மூக்கு, வாய் அடைபட்டால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும்.

பலசாலியாக இருந்தால் தானே வெளியே வந்துவிடலாமா? வட அமெரிக்காவில் தன்னார்வலர்களைப் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இப்படிப்பட்ட குழியில் இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் 90 சதவீதம் பேரால் தாங்களாக வெளியே வர முடியவில்லை. பலம் இங்கே வேலைக்கு ஆகாது. கையை ஊன்றி எழலாம் என்றால் ஊன்றுவதற்குக் கெட்டியான தரையே இல்லை.

குழி அதிக ஆபத்தாக இருப்பது பெரும் பனிப்பொழிவின் போதும், அது முடிந்த அடுத்த சில நாட்களிலும்தான். காட்டுக்குள் சறுக்க எல்லோரும் ஆசைப்படுவதும் அதே நாட்களில்தான்!

உயிர் காக்கும் விதி: கண்ணில் படும் தூரத்தில் ஒருவர்

இதனால்தான் காட்டுக்குள் தனியாகப் போகவே கூடாது என்கிறார்கள் பயிற்சியாளர்கள். ஆனால் ‘ரெண்டு பேரா போனோம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. ஒருவர் முன்னால் வேகமாக இறங்கிப் போய், கீழே ரோப் கார் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தால், மேலே இருப்பவர் தனியாகப் போனதற்குச் சமம். அவர் வரவில்லை என்று தெரிந்து, மறுபடி மேலே ஏறித் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

சரியான முறை இதுதான்: முதல் ஆள் கொஞ்ச தூரம் இறங்கி, மரத்தை விட்டுத் தள்ளி, மேலே இருப்பவருக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். பிறகு இரண்டாவது ஆள் இறங்க வேண்டும். இப்படியே மாறி மாறி. மரம் அடர்த்தியாகி ஆள் மறைந்தால் இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே போகணும். பதில் குரல் வராவிட்டால் உடனே நின்று தேடத் தொடங்க வேண்டும். ‘வந்துடுவாரு’ என்று காத்திருக்கக் கூடாது.

மூன்று பேராக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் தோண்டலாம், இன்னொருவர் உதவிக்குக் கூப்பிடலாம். ஐந்தாறு பேராகப் போனால் ‘யாரோ ஒருத்தர் பார்த்துப்பாங்க’ என்று ஆகிவிடும். அதனால் இருவர் இருவராகப் பிரித்து, யார் யாருக்குப் பொறுப்பு என்று மேலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

குழிக்குள் விழுந்துட்டா என்ன செய்யணும்?

விழப் போகிறோம் என்று தெரிந்த நொடியில் மரத்தண்டையோ கிளையையோ கட்டிப் பிடியுங்கள். முடிந்தவரை தலை மேலே இருக்கப் பாருங்கள்.

தலைகீழாக உள்ளே போய்விட்டால் உதறக் கூடாது. உதறினால் பனி இன்னும் கீழே இறங்கும். முதல் வேலை, ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுவிட இடம் உண்டாக்குவது. பிறகு மெதுவாக உடம்பை அசைத்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். விசில் இருந்தால் ஊதுங்கள், இல்லாவிட்டால் குரல் கொடுங்கள். மூச்சை நிதானமாக விட்டு, ஆள் வரும்வரை காற்றைச் சேமிப்பதுதான் இலக்கு.

கூட வந்தவர் விழுந்துட்டா?

அவரை விட்டுவிட்டுக் கீழே ஓடி உதவி தேடக் கூடாது. சத்தம் போட்டு, விசில் ஊதி, போன் கிடைத்தால் தகவல் சொல்லிவிட்டு உடனே தோண்டத் தொடங்க வேண்டும். பனிக்குள் மூச்சு அடைபட்டவருக்கு முதல் 10, 15 நிமிடங்கள்தான் முக்கியம்.

காலைப் பிடித்து அப்படியே மேலே இழுக்க முயல வேண்டாம். மேலே நின்று தோண்டினால் பனி அவர் முகத்தின் மேலேயே விழும். தலை இருக்கும் இடத்தைக் கணித்து, பக்கவாட்டிலிருந்து சுரங்கம் போல முகத்தை நோக்கித் தோண்ட வேண்டும். முகம் கிடைத்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே எடுப்பது அதற்கு அப்புறம்தான்.

மரம் இருந்தா பனிச்சரிவு வராதா?

இது பலரும் நம்பும் தவறான தகவல். மிக அடர்ந்த காடு பனியை ஓரளவு பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு மனிதன் வசதியாகச் சறுக்கிப் போகும் அளவுக்கு மரங்களுக்கு நடுவே இடம் இருந்தால், பனிச்சரிவும் அதே இடத்தில் இறங்கி வரலாம். அப்படி வரும்போது மரங்கள் பாதுகாப்பு இல்லை. அடித்துச் செல்லப்படுபவர் மோதுவது அந்த மரங்களில்தான்.

குல்மார்க் பனிச்சரிவுக்குப் புதிய இடம் அல்ல. 2010 பிப்ரவரி 8-ம் தேதி, கிலன்மர்க் பகுதியில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அஃபர்வட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் பலியாகினர். 2024 பிப்ரவரி 22-ம் தேதி ரஷ்யாவைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார்.

பொதுவாக 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். காட்டுக்குள் ஒரு அடையாளமும் கிடைக்கும். மரங்களில் மலை உச்சியைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் மட்டும் ஒடிந்து மொட்டையாக இருந்தால், அந்த வழியே முன்பு பனிச்சரிவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே நிற்கவும் கூடாது.

பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் தருகிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்ட வாரியாக அறிவிக்கிறது. பாரமுல்லா மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பனி குறைவா இருந்தா பரவாயில்லையா?

அதுவும் ஆபத்துதான். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல்தரை தெரிந்தது நினைவிருக்கலாம். அந்த ஆண்டும் 2025-லும் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டன. இப்படிப்பட்ட சீசனில் லேசாகப் பனி விழுந்ததும் காட்டுக்குள் இறங்கினால், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, விழுந்த கிளை, பாறை எல்லாம் அரை அடிப் பனிக்குக் கீழே மறைந்திருக்கும். ஸ்கீ முனை அதில் மாட்டினால் முட்டி திருகிக்கொள்ளும். நல்ல ஆழத்துக்குப் பனி சேரும்வரை திறந்த சரிவே போதும்.

வழி தவறினா?

காட்டுக்குள் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் தெரியும். சரிவு இழுக்கும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தால் ரோப் கார் இருக்கும் பக்கத்தை விட்டு, வேறு ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. இறங்குவது பத்து நிமிடம், இடுப்பளவு பனியில் ஏறி வருவது பல மணி நேரம். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அதனால் மதியத்துக்குப் பிறகு புதிய காட்டு வழியில் இறங்கக் கூடாது. வழி தெரிந்த உள்ளூர் கைடு இல்லாமல் பாபா ரெஷி, டங்மார்க் பக்கம் இறங்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வழி தவறியது உறுதியானால் மேலும் கீழே இறங்காமல் நின்று, வந்த தடத்தைப் பார்த்துத் திரும்புவதுதான் நல்லது.

என்ன போட்டுக்கணும்? என்ன எடுத்துட்டுப் போகணும்?

பருத்தி வேண்டாம். பருத்தித் துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது நெசவு ஊரான காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் மலைக்குளிரில் உடம்பின் சூட்டை வெளியே இழுத்துவிடும். உள்ளே கம்பளி அல்லது தெர்மல், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், காலுக்குக் கம்பளி சாக்ஸ் வேண்டும்.

ஹெல்மெட், கண்ணாடி இரண்டும் கட்டாயம். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் கறுப்புக் கண்ணாடியை விட வெளிர் நிறக் கண்ணாடி நல்லது. கிளை கண்ணில் அடிக்காமலும் காக்கும்.

கையில் பிடிக்கும் கம்புகளின் வாரை மணிக்கட்டில் மாட்டக் கூடாது. கம்பு கிளையில் சிக்கினால் தோள்பட்டை இழுபடும். குழியில் விழுந்தால் முகத்துக்கு முன் கையைக் கொண்டுவர முடியாது.

வாடகைக்கு எடுக்கும் ஸ்கீயில், விழும்போது பூட் தானாகக் கழன்று வருகிறதா என்று கடையிலேயே சோதிக்கணும். உங்கள் எடையைச் சொன்னால் அதற்கேற்ப இறுக்கத்தை மாற்றித் தருவார்கள்.

சமன் செய்த பாதையை விட்டு வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் பீக்கன் என்ற சிக்னல் கருவி, மடக்குக் கம்பி, சின்ன மண்வெட்டி மூன்றும் இருக்கணும். பீக்கனை ஆன் செய்து உடம்போடு கட்டி, செல்போனை அதற்குத் தள்ளி வேறு பாக்கெட்டில் வைக்கணும். பக்கத்தில் போன் இருந்தால் பீக்கன் சிக்னல் கெடும். ஒரு விசிலைக் கழுத்தருகே, வாய்க்கு எட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போறவங்க கூடுதலா கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில். அங்கிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டருக்குப் போய், அடுத்த நாளே ரோப் காரில் 3,900 மீட்டர் ஏறினால் உடம்பு திணறும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அது உயரத்தால் வரும் உபாதையாக இருக்கலாம். முதல் நாள் ஓய்வு எடுங்கள். அறிகுறி கூடினால் உடனே கீழே இறங்குங்கள்.

செல்போன் விஷயத்திலும் உஷார். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்புதான் தேவை. அவசர உதவிக்கு 112. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஓட்டலில் சொல்லிவிட்டுப் போங்கள்.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும் சாகச விளையாட்டுக்கு அது பொருந்துமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இது தனியாகச் சேர்க்க வேண்டியதாக இருக்கும்.

யார் போகலாம்? யார் போகக் கூடாது?

முதல் முறை ஸ்கீ மாட்டுகிறவர்களுக்குக் காடு கூடவே கூடாது. குல்மார்க்கின் தாழ்வான திறந்த சரிவுகளே அவர்களுக்கு ஏற்றவை. செங்குத்தான சரிவில் வேண்டிய இடத்தில் நிற்கவும், இரண்டு பக்கமும் சட்டென்று திரும்பவும், தடம் இல்லாத ஆழமான பனியில் சறுக்கவும் முடிகிறவர்கள் மட்டுமே காட்டைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் முதலில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், சாய்வு குறைந்த ஓரப் பகுதியில்.

முறையாகக் கற்க வேண்டும் என்றால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கில் இயங்கும் ஐ.ஐ.எஸ்.எம். நிறுவனம் பயிற்சி தருகிறது. உத்தராகண்ட்டில் அவுலி, இமாச்சலில் மணாலி ஆகிய இடங்களிலும் அரசு அமைப்புகளின் பயிற்சி வகுப்புகள் உண்டு.

காட்டுக்குள் இறங்கும் முன் 5 கேள்விகள்

1. இன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை என்ன?

2. என் ஜோடி யார்? அவரிடம் விசிலும் மண்வெட்டியும் இருக்கா?

3. முதலில் எந்த இடத்தில் நிற்கப் போகிறோம்?

4. கம்பு வாரைக் கழற்றியாச்சா? பீக்கன் ஆன் ஆகியிருக்கா?

5. இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிட முடியுமா?

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அன்றைக்குத் திறந்த சரிவில் சறுக்கிவிட்டு வாருங்கள்.